தொழிற் காயமும் நட்டஈட்டுச் சட்டமும்

வயலும் குளமும் காடும் செறிந்த வன்னிப் பெருநிலத்தில் உடலுழைப்பே பெரும்பாலோரின் முதலாகும். முன்னாளில் எருதும் ஏரும் செய்த பணியை இன்று உழவு இயந்திரமும் சூடடிக்கும் இயந்திரமும் செய்கின்றன. அரிசி ஆலைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் பெருகியுள்ளன. இயந்திரம் வேகத்தைத் தந்தது. அதனோடு அபாயத்தையும் தந்தது. ஆலைப் பட்டியிற் சிக்கி ஒருவன் கையை இழப்பானாயின், அவன் குடும்பத்தின் கதி யாது? இவ்வினாவிற்கு விடை கூறுவதே நட்டஈட்டுச் சட்டமாகும்.

முன்னர் உரோம டச்சுச் சட்டப்படி, முதலாளியின் தவறை எண்பித்தாலன்றித் தொழிலாளி ஈடு பெறுதல் இயலாது. உடன் வேலை செய்தோர் சாட்சி கூற அஞ்சுவர். வழக்குச் செலவோ ஏழைக்கு எட்டாதது. இக்குறையை நீக்க ஜெர்மனி 1884இலும், பிரித்தானியா 1897இலும், இந்தியா 1923இலும் சட்டம் இயற்றின. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1935 ஆகஸ்ட் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. இரணைமடுக் குளத்தின் கட்டுவேலை 1920இல் முடிவுற்றது. அக்குளத்தைக் கட்டிய கூலியாட்களுக்கு இத்தகைய பாதுகாப்பு யாதும் இருந்ததில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இச்சட்டத்தின் உயிர்நிலை யாதெனின், தவறு யாருடையது என்னும் ஆராய்ச்சியை அது ஒதுக்கிவிடுவதே. விபத்து வேலையின் காரணமாகவும், வேலை நடைபெறுங்காலத்திலும் நேர்ந்ததாயின், வேலைகொள்வோர் ஈடு செலுத்தக் கடமைப்பட்டவராவர். மதுபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல் போன்ற சில விலக்குகள் உண்டு. வெறும் கவனக்குறைவு அவ்விலக்குகளுள் அடங்காது.

வேலையாள் எனப்படுவோன் யார் என்பதே வன்னியில் அடிக்கடி எழும் வினா. நாட்கூலி பெறுவோனும், முதலாளியின் தொழிலுக்காக அமர்த்தப்பட்டிருப்பின், வேலையாளே. பதிவேட்டிற் பெயரில்லாமை ஒன்றே அவனுரிமையை அழித்துவிடாது. ஆனால் குத்தகைக்கு நிலமெடுத்துத் தானே பயிரிடுவோன் வேலையாள் ஆகான். முல்லைத்தீவுக் கடலில் பங்குமுறையில் தொழில் செய்வோர் நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஒருவர் ஏவலின்கீழ் மற்றவர் உழைக்கும் சேவை ஒப்பந்தம் உண்டா என்பதைப் பொறுத்தே அது தீர்மானிக்கப்படும்.

ஈட்டுத் தொகை காயத்தின் தன்மையையும் சம்பளத்தையும் பொறுத்தது. தற்காலிக இயலாமைக்கு அரைமாதக் கொடுப்பனவு உண்டு. விரல், கை, கண் முதலியவற்றின் இழப்பிற்கு உழைக்குந் திறன் எத்தனை வீதம் குன்றியது என்பதைச் சட்டத்தின் அட்டவணையே வகுத்துள்ளது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உச்சத்தொகை 550,000 ரூபாவாக இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 2,000,000 ரூபாவாக உயர்த்தியது. வீட்டிற்கும் வேலைத்தலத்திற்குமிடையே செல்லும்போது நேரும் விபத்தும் அத்திருத்தத்தால் உள்ளடக்கப்பட்டது.

எனினும் ஏட்டிலுள்ள உரிமை தானே வீடு தேடி வருவதில்லை. மருத்துவச் செலவிற்கெனச் சிறுதொகை கொடுத்து, இனி உரிமை கோரேன் என்று கையொப்பம் பெறும் வழக்கம் ஊர்களில் உண்டு. சட்டப்படி அத்தகைய உடன்பாடு செல்லாது. ஆயின் இதனை அறியாதவன் வாளாவிருக்க, விண்ணப்பத்திற்குரிய ஈராண்டுத் தவணை கழிந்துவிடுகின்றது. ஆதலின் விபத்தை உடனே முதலாளிக்கு அறிவித்தலும், மருத்துவச் சான்றுகளைப் பேணலும், வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்குக் காலத்தில் விண்ணப்பித்தலும் இன்றியமையாதன. மரணம் நேரின் ஈட்டுத்தொகை ஆணையாளரிடமே வைப்பிலிடப்பட்டுத் தங்கிவாழ்வோருக்குப் பகிரப்படும்.

ஈடு என்பது முதலாளி இரங்கி அளிக்கும் கொடையன்று. உழைப்பின் விலையில் ஒரு கூறு. ஒரு விண்ணப்பம் எழுதத் தெரிந்த மாணவன் ஒவ்வோர் ஊரிலும் இருப்பானாயின், இச்சட்டம் வன்னி மண்ணில் உயிர்பெறும்.