குரங்கின் மரணம் சொல்லும் சேதி: காட்டு விலங்குகளின் உண்ணியும் மனிதரின் நோயும்

காட்டு விலங்குகளின் உடலில் உண்ணிகளும் தெள்ளுகளும் வாழ்வது புதிய விடயமன்று. மானின் காதோரத்திலும், காட்டுப்பன்றியின் அடிவயிற்றிலும், அழுங்கின் செதில்களுக்கு இடையிலும் அவை இரத்தத்தை உறிஞ்சி வாழ்ந்து வருகின்றன. காடு காடாக இருக்கும்வரை இவ்வுறவு பெரும் கேட்டினை விளைவிப்பதில்லை. குரங்குகள் ஒன்றுக்கொன்று உண்ணி பார்க்கின்றன. மைனாக்கள் மாட்டின் முதுகில் அமர்ந்து உண்ணிகளைக் கொத்தித் தின்கின்றன. ஆயினும் இச்சிற்றுயிர்களைச் சுமக்கும் விலங்குகள் திடீரென இறக்கத் தொடங்கும்போது அது மனிதருக்கான எச்சரிக்கையாகிறது. அவ்வெச்சரிக்கையைச் செவிமடுக்கும் ஏற்பாடு நம்மிடம் உண்டா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

உண்ணியையும் தெள்ளையும் பொதுவாக நாம் பூச்சிகள் என்று கூறிவிடுகின்றோம். உண்மையில் உண்ணி சிலந்தி இனத்திற்கு உறவானது. முட்டையிலிருந்து வெளிவரும்போது ஆறு கால்களையும் பின்னர் எட்டுக் கால்களையும் கொண்டது. காட்டு உண்ணிகளிற் பல, தம் வாழ்நாளில் மூன்று முறை மட்டுமே உணவு கொள்கின்றன. குடம்பியாக ஒரு விலங்கிலும், இளம் உண்ணியாக இன்னொன்றிலும், முதிர்ந்த பின் வேறொன்றிலும் இரத்தம் குடித்து, ஒவ்வொரு முறையும் நிலத்தில் விழுந்துவிடுகின்றன. எஞ்சிய காலமெல்லாம் சருகிலும் புல்நுனியிலும் முன்கால்களை நீட்டியவாறு காத்திருக்கின்றன. கடந்து செல்லும் உயிரின் மூச்சுக்காற்றையும் வெப்பத்தையும் அக்கால்களில் உள்ள புலனுறுப்பே உணர்த்துகின்றது. தெள்ளோ சிறகற்ற பூச்சியாகும். பக்கவாட்டில் தட்டையான அதன் உடல் உரோமங்களிடையே எளிதில் நழுவிச் செல்ல ஏற்றது. அதன் முட்டைகள் விலங்கின் வளையிலும் படுக்கையிலும் உதிர்ந்து அங்கேயே வளர்கின்றன. சுருங்கக் கூறின், உண்ணிக்கு நிலமும் தெள்ளுக்கு வளையுமே வீடு. விலங்கு அவற்றின் உணவுச்சாலை மாத்திரமே.

இவ்வுயிர்கள் மனிதனின் வாழ்வில் எவ்வாறு குறுக்கிடுகின்றன என்பதற்கு, இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில் உள்ள கியாசனூர் காடு தக்க சான்றாகும். அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில் அமைந்த இக்காட்டில் 1957 ஆம் ஆண்டின் முற்பகுதியில் குரங்குகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அதே காலத்தில் அயற் கிராமத்தவர்கள் கடுங்காய்ச்சல், தலைவலி, தசைநோவு, இரத்தக்கசிவு ஆகியவற்றுக்கு ஆளாகினர். புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் விரைந்து அங்கு சென்றனர். குரங்குகளும் மனிதரும் ஒருசேர நோயுற்றமையால், ஆபிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் உரிய மஞ்சட் காய்ச்சல் ஆசியாவை எட்டிவிட்டதோ என்ற அச்சம் முதலில் எழுந்தது. ஆனால் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் நுளம்பினால் பரவுவதன்று. உண்ணியினால் பரவும் புதியதொரு வைரஸ் எனத் தெரியவந்தது. அக்காட்டின் பெயரே நோய்க்கும் சூட்டப்பட்டது. அப்பகுதி மக்கள் அதனைக் குரங்கு நோய் என்றே அழைக்கின்றனர்.

எனினும் குரங்கு இந்நோயைக் கடித்தோ தொட்டோ பரப்புவதில்லை. உண்மையில் அதுவும் நோய்க்குப் பலியாகும் உயிரே. வைரஸ் சாதாரண காலங்களில் காட்டெலி, மூஞ்சூறு போன்ற சிறு விலங்குகளுக்கும் உண்ணிகளுக்குமிடையே அமைதியாகச் சுற்றி வருகின்றது. அது குரங்கைத் தொற்றும்போது அதன் இரத்தத்தில் பன்மடங்காகப் பெருகுகின்றது. அந்த இரத்தத்தைக் குடிக்கும் உண்ணிக் குடம்பிகள் வைரஸைத் தம் அடுத்த பருவத்திற்கும் கொண்டு செல்கின்றன. குரங்கு இறந்து உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் அதனைவிட்டு நீங்குகின்றன. ஆகவே குரங்கு வீழ்ந்த இடத்தைச் சூழ்ந்த நிலம் நோய்க்களமாகி விடுகின்றது. மழைக்காலம் ஓய்ந்த பின், டிசெம்பர் தொடக்கம் மே வரையான காலத்தில் இளம் உண்ணிகள் மிகுதியாக நடமாடுகின்றன. விறகுக்கும் சருகுக்கும் மக்கள் காட்டினுட் செல்வதும் அதே வறண்ட மாதங்களிலேயே ஆகும். நோய் உச்சம் பெறுவதும் அப்போதுதான். பாதிக்கப்படுவோரில் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை உயிரிழக்கின்றனர். ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு இந்நோய் தொற்றுவதில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

இந்தப் பாடத்தைத் தெள்ளு இதற்கு முன்னரே கற்பித்திருந்தது. பிளேக் எனும் கொள்ளைநோய் எலிகளிடமிருந்து மனிதருக்கு எவ்வாறு வருகின்றது என்பது நீண்டகாலம் அறியப்படாதிருந்தது. 1898 ஆம் ஆண்டு கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் போல் லூயி சிமோன், நோயுற்ற எலியையும் நலமான எலியையும் ஒன்றையொன்று தீண்ட இயலாதவாறு பிரித்துவைத்தார். தெள்ளு மட்டுமே பாய்ந்து செல்லக்கூடிய அந்த இடைவெளியைத் தாண்டி நோய் பரவிற்று. நோய்க்கிருமி தெள்ளின் உணவுக்குழாயை அடைத்துவிடுவதால் அது பசி தீராது மீண்டும் மீண்டும் கடிக்கின்றது என்பது பின்னர் கண்டறியப்பட்டது. எலி மடிந்ததும் தெள்ளுகள் அடுத்த உடலைத் தேடுகின்றன. அருகில் மனிதன் இருப்பின் அவனே அவற்றின் இரையாகின்றான். 1914 இல் கொழும்பையும் அடைந்த அந்நோயின் வரலாற்றில், எலிகள் செத்து விழுவதே முதல் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. அன்று எலி கூறியதையே கியாசனூரில் குரங்கு கூறியது.

அவ்வாறாயின் நெடுங்காலம் காட்டினுள் அடங்கியிருந்த நோய் வெளியே வந்தது எதனால்? காட்டை வெட்டித் தோட்டமும் வயலும் அமைத்தமையும், எஞ்சிய காட்டில் கால்நடைகளை மேயவிட்டமையும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. மாடுகள் இவ்வைரஸைப் பெருக்குவதில்லை. ஆயினும் முதிர்ந்த உண்ணிகளுக்கு அவை தாராளமாக உணவளிக்கின்றன. வயிறு நிறைந்த பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகின்றது. 1982-83 காலப்பகுதியில் தென் கன்னட மாவட்டத்தின் பெள்தங்கடிப் பகுதியில், மரமுந்திரிகைத் தோட்டத்திற்காகக் காடு அழிக்கப்பட்டதைத் தொடர்ந்து நோய் பெருமளவில் வெடித்தது. 2012 இன் இறுதியில் பந்திப்பூர் சரணாலயத்தில் இறந்த குரங்குகளின் உடல்களைக் கையாண்ட பணியாளர்களே நோயுற்றனர். அடுத்துவந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டின் நீலகிரி, கேரளத்தின் வயநாடு, கோவா, மகாராஷ்டிரம் எனப் பல இடங்களில் நோய் அடையாளங் காணப்பட்டது. எங்கும் பெரிதும் பாதிக்கப்பட்டோர் காட்டை நம்பி வாழும் ஏழைகளும் பழங்குடியினருமே ஆவர். 1990 முதல் வழங்கப்பட்ட தடுப்பூசி போதிய பாதுகாப்பைத் தராமையால் பின்னர் கைவிடப்பட்டது. நோய்க்கெனத் தனியான மருந்தும் இல்லை. ஆகவே முன்னெச்சரிக்கையே மிஞ்சியுள்ள கவசமாகும்.

கியாசனூர் காய்ச்சல் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையை அண்டிய நோயாக இருக்கலாம். எனினும் நம் நாட்டிற்கும் இதில் பாடமுண்டு. மலையகத்தில் உண்ணிகளால் பரவும் புள்ளிக் காய்ச்சலும், வடக்கு உள்ளிட்ட பகுதிகளில் எலிகளையும் புதர்களையும் சார்ந்து வாழும் சிற்றுண்ணிகளால் பரவும் உண்ணிக் காய்ச்சலும் வைத்தியர்கள் நன்கறிந்தவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலங்கைக் காடுகளில் பயிற்சிபெற்ற படையினரும் உண்ணிக் காய்ச்சலுக்கு ஆளாகினர். இக்காய்ச்சல்களுக்கு ஏற்ற நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் உள்ளன. ஆனால் டெங்கு எனவோ எலிக்காய்ச்சல் எனவோ மட்டும் எண்ணிக் காலந்தாழ்த்தினால் உயிராபத்து நேரலாம். காய்ச்சலோடு வருபவர் தாம் காட்டுக்கோ புதர் நிறைந்த காணிக்கோ சென்றதை வைத்தியரிடம் தாமாகவே கூறவேண்டும். சிற்றுண்ணி கடித்த இடத்தில் காணப்படும் கருநிறப் பொருக்கு நோயை இனங்காண உதவும் முக்கிய தடயமாகும்.

காட்டுக்குச் செல்வோர் கைகால்களை மூடும் ஆடை அணிவதும், திரும்பியதும் உடல் முழுவதையும், குறிப்பாக அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் ஆகியவற்றைச் சோதிப்பதும், குளித்து ஆடைகளை வெந்நீரில் துவைப்பதும் எளிய காப்புகளாகும். கடித்திருக்கும் உண்ணியை நெருப்பால் சுடுவதோ எண்ணெய் ஊற்றுவதோ தவறு. சிறிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்தல் வேண்டும். காதினுள் புகுந்த உண்ணியை அகற்றுவதை வைத்தியரிடமே விட்டுவிடுதல் நன்று. இறந்து கிடக்கும் குரங்கையோ வேறெந்தக் காட்டு விலங்கையோ வெறுங்கையால் தொடலாகாது.

ஆனால் தனிமனிதரின் அவதானம் மாத்திரம் போதாது. கர்நாடகத்தில் குரங்கொன்று இறந்ததாகத் தகவல் கிடைத்தால், உடல் கிடந்த இடத்தைச் சூழ ஐம்பது மீற்றர் வரை உண்ணிகொல்லி தூவுவதும், அயற் கிராமங்களை எச்சரிப்பதும் நடைமுறையாகும். அதாவது, அங்கு ஒரு விலங்கின் மரணம் சுகாதாரத்துறைக்குரிய செய்தியாகக் கருதப்படுகின்றது. நம் நாட்டிலும் வனஜீவராசிகள் திணைக்களமும் கால்நடை வைத்தியர்களும் பொதுச் சுகாதார பரிசோதகர்களும் இத்தகவல்களைத் தாமதமின்றிப் பகிர்ந்துகொள்வது அவசியமாகும். பயிர்களை நாசஞ்செய்கின்றன எனக் குரங்குகள் மீது சினங்கொண்டிருக்கும் இக்காலத்தில், நோயைக் காரணங்காட்டி அவற்றைக் கொல்லத் துணிவது மேலும் பெருந்தவறாகும். கொல்லப்படும் விலங்கின் உடலிலிருந்து இறங்கும் உண்ணி வேறோர் உடலைத் தேடியே செல்லும்.

காட்டில் வீழ்ந்து கிடக்கும் குரங்கைப் பற்றி முதலில் அறிபவர் விறகு பொறுக்கச் சென்ற ஒரு பெண்ணாகவோ மாடு மேய்க்கும் ஒரு சிறுவனாகவோ இருப்பர். அவர்கள் கூறுவதைப் பதிவுசெய்ய ஓர் அலுவலரும், அதன்மீது உடனே செயற்பட ஒரு திணைக்களமும் இருந்தால், அடுத்த நோயாளி உருவாகாமலே தடுக்க முடியும்.