‘விட்டதைப் பிடிச்சிடலாம்’னு தோணுதா? போக்கர் தோல்வி மனதைப் படுத்தும் பாடு

2022-ன் ஓர் இரவு என்று வைத்துக்கொள்வோம். ஜூஜுவாடியில், இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்த ஓர் இளைஞர் போனில் போக்கர் ஆப்பைத் திறக்கிறார். 500 ரூபாயில் ஆரம்பம். கையில் இரண்டு ஏஸ், அதாவது போக்கரின் மிகச் சிறந்த தொடக்கம். மொத்தப் பணத்தையும் வைக்கிறார். எதிராளியிடம் இருந்ததோ இரண்டு கிங். கடைசி அட்டையாக மூன்றாவது கிங் விழ, மொத்தமும் போச்சு.

அந்த 500 ரூபாய் பெரிய விஷயமில்லை. ‘விட்டதைப் பிடிச்சுட்டு தூங்கிடலாம்’ என்று அடுத்து போட்ட 2,000, அதற்கடுத்த 5,000... அங்கேதான் சிக்கல். விடியும்போது ரூம் வாடகையும் போயிருக்கும்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் வேற சட்டம்

ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இந்த எல்லையில் ஆன்லைன் சூதாட்டச் சட்டம் பலமுறை தலைகீழாக மாறியிருக்கிறது.

* நவம்பர் 2020-ல் தமிழ்நாடு அவசரச் சட்டம் மூலம் தடை விதித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தை ஆகஸ்ட் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.
* அக்டோபர் 2021-ல் கர்நாடகம் தடை போட்டது. பிப்ரவரி 2022-ல் அந்த மாநில உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது.
* நீதிபதி கே.சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த புதிய சட்டத்துக்கு ஏப்ரல் 2023-ல் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. ரம்மி, போக்கருக்கான முழுத் தடை மட்டும் நவம்பர் 2023-ல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.
* 2025-ல் தமிழ்நாடு, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆட முடியாதபடி விதி கொண்டுவந்தது.
* ஆகஸ்ட் 2025-ல் பண ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பெரிய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தின.

போன் இருக்கும் இடத்தைப் பார்த்து ஆப் ஆட்டத்தை நிறுத்தலாம். ஆனால் ‘இன்னும் ஒரே ஒரு கை’ என்ற எண்ணம் எந்தச் செக்போஸ்ட்டிலும் நிற்காது.

தோற்றால் ஏன் நிறுத்த முடிவதில்லை?

உளவியலாளர்கள் டேனியல் கானமேன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி 1979-ல் முன்வைத்த கோட்பாடு இதற்குப் பதில் சொல்கிறது. 1,000 ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட, அதே 1,000 போகும் வலி மனதுக்குப் பெரிது. சுமார் இரண்டு மடங்கு என்பது அவர்களின் பிந்தைய கணக்கு. அந்த வலியைப் போக்க, சாதாரணமாக எடுக்கவே எடுக்காத ரிஸ்க்கை மனிதர்கள் எடுக்கிறார்கள்.

இன்னொரு பொறி: ‘இவ்ளோ நேரம் தோத்தாச்சு, அடுத்தது நமக்குத்தான்.’ 1913-ல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. ‘இனி சிவப்புதான்’ என்று பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். பந்துக்கு ஞாபகம் கிடையாது. சீட்டுக்கட்டுக்கும் கிடையாது.

‘டில்ட்’ என்றால் என்ன?

கோபத்தில் நிதானமிழந்து ஆடுவதைப் போக்கர் ஆட்டக்காரர்கள் ‘டில்ட்’ என்பார்கள். பின்பால் மிஷினிலிருந்து வந்த சொல் இது. மிஷினைப் பிடித்து ஆட்டினால் ‘டில்ட்’ என்று காட்டி ஆட்டம் நின்றுவிடும். மனிதருக்கு அப்படியொரு விளக்கு இல்லை.

அந்த ஏஸ் கதையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏஸ், இரண்டு கிங்கை ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 82%. அதாவது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு முறை தோற்கும். அந்த இளைஞர் செய்தது தப்பில்லை. நல்ல முடிவும் தோற்கலாம் என்பதை ஏற்க முடியாமல் அடுத்த 2,000-ஐப் போட்டதுதான் தப்பு.

அனுபவசாலிகள் இதனால்தான் ஆட்டத்துக்கு முன்பே வரம்பு வைக்கிறார்கள்: இவ்வளவு போனால் எழுந்துவிட வேண்டும், இத்தனை மணிக்கு மேல் கிடையாது, கடன் பணம் தொடவே கூடாது. தோற்ற பிறகு போடும் வரம்பு வரம்பே அல்ல. அதைப் போடுவது டில்ட்டில் இருக்கும் மனம்.

ஆப் போச்சு, பழக்கம்?

தடைக்குப் பிறகும் வெளிநாட்டுத் தளங்கள், டெலிகிராம் குழுக்கள் வழியாக அழைப்பு வரலாம். மத்திய சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. ஆனால் அங்கே பணம் மாட்டினால் மீட்பது மிகவும் கடினம்.

இதே மனநிலை பங்குச் சந்தையிலும் உண்டு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டமடைந்ததாக செபி சொன்னது. பெயர்தான் வேறு.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

* போன பணத்தை எடுக்கவே மறுபடி ஆடுவது
* தொகையை வீட்டில் குறைத்துச் சொல்வது
* லோன் ஆப், நண்பர்கள், சம்பள அட்வான்ஸ் என்று கடன் பெருகுவது
* ஆடாதபோது எரிச்சல், தூக்கமின்மை

இவற்றில் இரண்டு பொருந்தினாலே பேசத் தொடங்கலாம். நம்பிக்கையான ஒருவரிடம் மொத்தத் தொகையையும் மறைக்காமல் சொல்வது முதல் படி. சம்பளக் கணக்கையும் யுபிஐ-யையும் கொஞ்ச நாள் அவர் பொறுப்பில் விடலாம். கடனை அடைக்க இன்னொரு ஆட்டம் வழியல்ல. மாதத் தவணை பேசுவதுதான் வழி.

சூதாட்டப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. இது ஒழுக்கக் குறைவு அல்ல; சிகிச்சை உண்டு. ‘டெலி மானஸ்’ எண் 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

நேரில் பார்க்க விரும்பினால், டிஜிட்டல் அடிமைத்தனத்துக்கென 2014-ல் தொடங்கிய ‘ஷட்’ கிளினிக் பெங்களூரு நிம்ஹான்ஸில் இருக்கிறது. ஜூஜுவாடியிலிருந்து வழி கேட்கவே வேண்டாம். அது இருப்பதும் ஓசூர் ரோட்டில்தான்.