விதிக்கு முந்திய விதி

ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கர்கள் வாக்கியம் அமைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர்களை விடாது பின்தொடரும் சந்தேகங்களுள் தலையாயது, ஒரு வினைச்சொல்லுக்குரிய இறந்தகால உருவம் யாது என்பதேயாகும். 'வாக்' என்பது 'வாக்ட்' என்று ஒழுங்காக முடிய, 'ஸிங்' என்பது மட்டும் 'ஸாங்' என்றும் 'ஸங்' என்றும் உயிரொலி திரிந்து நிற்பதைக் கண்டு அவர்கள் மயங்குகிறார்கள். ஆசிரியரும் இவை விதிவிலக்குகள் என்று சொல்லி நெட்டுருப் போடச் செய்கிறார். நெட்டுருவின் பயனை நான் மறுக்கவில்லை. ஆயினும் விலக்கு என்று நாம் கருதும் இவ்வுருவங்கள், இன்றைய விதிக்கு முந்தியதொரு பிராசீன விதியின் எச்சங்கள் என்பதை அறிந்து கற்பவனுக்குச் சிரமம் பெரிதும் குறையும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலத்தில், தாதுவின் நடுவிலுள்ள உயிரொலியை மாற்றியே காலம் காட்டும் வினைகள் ஏழு வகுப்புகளாக முறைப்பட அமைந்திருந்தன. ஜெர்மானிய மொழிகளை ஆராய்ந்த ஜேகப் கிரிம் என்னும் அறிஞர் இவற்றை வல்வினை என்றும், ஈற்றில் விகுதி பெறுவனவற்றை மெல்வினை என்றும் பிரித்தார். 'டிரிங்க்', 'பிகின்', 'ஸ்விம்' ஆகியவை 'ஸிங்' சென்ற வழியிலேயே செல்வது இதனால்தான். இன்று ஒழுங்கான வினையாகத் தோன்றும் 'ஹெல்ப்' என்பதும் அந்நாளில் வல்வினையே. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் அதன் பழைய உருவமாகிய 'ஹோல்பன்' காணக் கிடைக்கிறது.

சில வினைகள் பழமையைக் கைவிட, சில மட்டும் அதனைக் காத்துக்கொண்டதன் காரணம் யாது? ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பழைய ஆங்கிலத்து ஒழுங்கற்ற வினைகள் 177-ஐ எடுத்துக்கொண்டு, அவற்றுள் 98 மட்டுமே இன்றும் அந்நிலையில் உள்ளன என்று கணக்கிட்டதோடு, வழக்கில் அருகிய வினையே விரைந்து மாறுகிறது என்றும் நிறுவினர். நாள்தோறும் நாவில் பயிலும் சொல்லின் உருவம் செவிவழியே தலைமுறை தலைமுறையாக நிலைபெறுகிறது. நம் மொழியிலும் 'புக்கான்' என்ற பழைய உருவம் ஒதுங்கிப் 'புகுந்தான்' என்பது வழக்கில் நிலைத்தது அன்றோ?

கற்றோரும் தடுமாறும் இடம் 'லை', 'லே' என்னும் இரண்டு வினைகள். முன்னது கிடத்தல், பின்னது கிடத்துதல். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள இவ்வுறவு தமிழனுக்குப் புதிதன்று. 'லை' என்பதன் இறந்தகாலம் 'லே' ஆவதால், அது பிறவினையின் நிகழ்கால உருவத்தோடு ஒன்றிக் குழப்பம் விளைகிறது. ஆகவே செயப்படுபொருள் உண்டா என்று முதலில் வினவ வேண்டும். புத்தகத்தை மேசைமேல் வைத்தேன் எனின் 'லெய்ட்'. நேற்றுக் கட்டிலில் கிடந்தேன் எனின் 'லே'. அவ்வாறே 'ஹாங்' என்னும் வினைக்கு, சுவரில் மாட்டிய படத்தைக் குறிக்கும்போது 'ஹங்' என்பதும், தூக்கிலிடப்பட்ட மனிதனைக் குறிக்கும்போது 'ஹாங்க்ட்' என்பதும் செம்மையான பிரயோகங்கள்.

'ஹாவ்' என்னும் துணைவினைக்குப் பின் மூன்றாம் உருவமே வரவேண்டும் என்பது மற்றொரு நியமம். 'வென்ட்' என்பது தனித்து நிற்கும். 'ஹாவ்' முன்வந்தால் 'கான்' என்பதே தகும். 1762-இல் ஆங்கில இலக்கணம் வகுத்த ராபர்ட் லௌத், இவ்விரண்டையும் மயக்கி எழுதும் வழக்கத்தை, புகழ்பெற்ற கவிஞர்களின் நூல்களிலிருந்தே உதாரணங்கள் எடுத்துக் காட்டிக் கண்டித்தார்.

ஆகவே, அகர வரிசைப் பட்டியலை ஒப்பிப்பதிலும், ஓரினமான வினைகளைச் சேர்த்துக் கற்பதே மேலானது. அவற்றை நல்ல உரைநடையில் மீண்டும் மீண்டும் வாய்விட்டு வாசிக்கவும் வேண்டும். இவ்வுருவங்களை இத்தனை நூற்றாண்டுகள் அழியாமல் காத்தது பழக்கமே. அவற்றை நம் மாணாக்கர்க்கு உரிமையாக்கவல்லதும் அதுவே.