முகவரிப் பேரேடு

கல்லூரிக் கூடத்தில் ஒரு கணினியை இயக்குகிறீர்கள். மற்றக் கணினிகளோடு பேசுவதற்கு அதற்கோர் எண் முகவரி வேண்டும். யாரிடம் கேட்பதென்றும் அது அறியாது. ஆகவே, "முகவரி தருவார் உண்டோ?" என்று எல்லார்க்கும் பொதுவாகக் கூவுகிறது. "இதைக் கொள்ளலாம்" என்கிறது முகவரி வழங்கும் சர்வர். "அதையே தருக" என்கிறது கணினி. "தந்தேன்" என்கிறது சர்வர். இந்த நான்கு வாசகப் பேச்சுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். இதன் விதிகள் முதலில் 1993-இல் வெளிவந்து, 1997-இல் திருத்தம் பெற்றன.

தரப்படும் முகவரி தானம் அன்று, குத்தகை. குத்தகை 8 நாள் என்றால், 4-ஆம் நாள் கணினி தனக்கு முகவரி தந்த அதே சர்வரிடம் புதுப்பித்தல் வேண்டும். விடை வாராவிடில், 7-ஆம் நாள், எந்தச் சர்வராயினும் சரியென்று மீண்டும் பொதுவாகக் கூவும். எந்த முகவரி யாரிடம், எதுவரை என்பதைச் சர்வர் ஒரு பேரேட்டில் குறித்து வைக்கிறது.

சர்வர்களுக்கும் முதுமை உண்டு. நெடுங்காலம் வழங்கிவந்த ஐ.எஸ்.சி. டி.எச்.சி.பி. என்னும் மென்பொருளின் பராமரிப்பே 2022 இறுதியில் முடிவுற்று, கியா என்பது அதன் இடத்துக்கு வந்தது. இத்தகைய மாற்றம் ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் என் பொறுப்பில் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை பழைய சர்வரை நிறுத்தினேன். வழங்கத்தக்க முகவரிகளின் எல்லைகளைப் புதியதில் எழுதினேன். குத்தகைப் பேரேட்டை மட்டும் விட்டுவிட்டேன். அது தானே நிரம்பும் என்று எண்ணிய பேதைமை என்னுடையது.

திங்களன்று செய்முறைத் தேர்வு. அதற்கென வேறொரு கட்டடத்திலிருந்து 30 கணினிகள் வந்திருந்தன. அவை முகவரி கேட்டன. புதிய சர்வரின் பேரேடோ வெற்றேடு! அலுவலகக் கணினிகள் பழைய குத்தகையில் வாளாவிருந்ததை அது அறியாமல், குடியிருந்த வீட்டையே மற்றொருவருக்கும் வாடகைக்கு விட்டது. ஒன்றுக்கு வரவேண்டிய செய்தி மற்றொன்றுக்குப் போயிற்று. விடையை அனுப்பும் தறுவாயில் இணைப்பு அறுந்த மாணவி ஒருத்தி, கையை உயர்த்தியபடியே அமர்ந்திருந்தாள். தேர்வு ஒரு மணி நேரம் நின்றது.

அடுத்த ஆண்டு நூலகத்திலும் இதே வேலை. இம்முறை ஒரு வாரம் முன்பே குத்தகைக் காலத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். இயங்கிக்கொண்டிருந்த கணினிகள் யாவும் 4 நாளுக்குள் புதுப்பிக்க வந்து, குறுங்குத்தகை பெற்றன. இனிப் பிழை நேர்ந்தால் ஒரு வாரம் ஒளிந்திராமல், ஒரு மணிக்குள் வெளிப்படும் அன்றோ? பழைய சர்வரை நிறுத்திய பின்னரே பேரேட்டைப் படியெடுத்தேன். அது இயங்கும்போதே எடுத்தால், அதன்பின் வழங்கிய குத்தகைகள் விடுபட்டுப்போகும். கணினியின் கூவல் ரௌட்டரைத் தாண்டாது. ரௌட்டர்தான் அதைச் சர்வரிடம் சேர்ப்பிக்கிறது. ஆதலால் ரௌட்டர்களில் எழுதியிருந்த பழைய சர்வரின் முகவரியையும் மாற்றினேன். பிறகே புதியதை இயக்கினேன்.

பேரேட்டின் வரிகள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்படுவதைப் பார்த்தவாறு ஒரு மணி நேரம் இருந்தேன். நூலகத்தில் எவரும் தலை நிமிரவில்லை. இரண்டு நாள் கழித்துக் குத்தகையை மீண்டும் 8 நாளாக்கினேன்.