லேபிள் வெட்டும் இயந்திரமும் அதன் கோளாறுகளும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மருந்துப் புட்டி, எண்ணெய்க் குப்பி, ஊறுகாய் ஜாடி என்று எதை எடுத்தாலும் அதன் மேல் ஒரு லேபிள் இருக்கிறது. பெயர், விலை, காலாவதித் தேதி ஆகியவற்றை அந்தச் சிறு காகிதத்தை நம்பியே தெரிந்துகொள்கிறோம். மருந்துப் புட்டியில் லேபிள் இல்லையென்றால் உள்ளே இருப்பது மருந்தா, நஞ்சா என்று யாரால் சொல்ல முடியும்?

1922-இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அவர்களால் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் அங்கே செழித்தது. அந்த லேபிள்களைப் பசை தடவி ஒட்டினார்கள். தானே ஒட்டும் லேபிளை 1935-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்டாண்டன் ஏவரி என்பவர் தொழிலாகத் தொடங்கினார். நாம் ஸ்டிக்கர் என்று அழைப்பது இதையே.

வெட்டும் விதம்

ஸ்டிக்கர் தாளில் மேலே அச்சிடும் காகிதம், அதன் கீழே பசை, அதற்கும் கீழே சிலிகான் பூசிய அடித்தாள் என மூன்று அடுக்குகள் உண்டு. டை எனப்படும் வெட்டச்சு, காகிதத்தையும் பசையையும் வெட்ட வேண்டும். அடித்தாளைத் தொடலாம், வெட்டக் கூடாது. அடித்தாளின் தடிமனோ ஏறத்தாழ 60 மைக்ரான்தான். அதாவது ஒரு தலைமயிரின் பருமன். வேகமாக ஓடும் இயந்திரம் இந்த எல்லைக்குள் நின்றாக வேண்டும். வெட்டியபின் லேபிள்களைச் சுற்றியுள்ள கழிவு, வலை போல உரிந்து தனி உருளையில் சுற்றிக்கொள்ளும். லேபிள்கள் அடித்தாளோடு ரோலாகச் சுற்றப்படும்.

பொதுவான கோளாறுகள்

1. லேபிள் கழிவோடு சேர்ந்து போதல்: வெட்டு முழுமையாக இல்லாததன் அடையாளம் இது. உடனே திருகை முடுக்கி அழுத்தத்தைக் கூட்டுவதே பலரின் வழக்கம். அது பெரும்பாலும் தவறான மருந்து. டைக்கு அடியில் ஒரு தூசு சிக்கியிருக்கலாம், விளிம்பு மழுங்கியிருக்கலாம். அழுத்தத்தைக் கூட்டினால், நன்றாக வெட்டிக்கொண்டிருந்த இடங்களில் அடித்தாளும் வெட்டுப்படும். டையும் விரைவில் தேயும். ஆகவே முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும், அழுத்தம் கடைசியில்தான்.

2. அடித்தாள் வெட்டுப்படுதல்: இதுதான் மிக ஆபத்தானது. அச்சகத்தில் கண்ணுக்குத் தெரியாது. மருந்துத் தொழிற்சாலையில் ஒட்டும் இயந்திரம் அடித்தாளை இழுக்கும்போது அறுந்து, வேலையே நின்றுவிடும். இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. சில லேபிள்களை உரித்துவிட்டு, அடித்தாளின் மேல் மையைத் தடவ வேண்டும். சிலிகான் பூச்சு மையை ஏற்காது. முத்து முத்தாக ஒதுங்கிவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் மை இறங்கிக் கோடாகத் தெரியும்.

3. கழிவு அறுதல்: லேபிள்களுக்கிடையே இடைவெளி குறைவாக இருந்தாலோ, மூலைகள் கூராக இருந்தாலோ, இழுவிசை மிகுந்தாலோ கழிவு அறும். கூர்மூலையில் தகைவு குவிகிறது. எனவே டை செய்யும்போதே மூலையை வளைவாக்குவது நல்லது. கோடை உஷ்ணத்தில் பசை இளகி, வெட்டிய இடமே மீண்டும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது வெட்டும் இடத்திற்கு அருகிலேயே கழிவை உரித்துவிட வேண்டும்.

4. ரோல் தளர்தல்: சுற்றும் உருளையின் திருப்புவிசை மாறாமலிருந்தால், ஆரம் கூடக்கூட இழுவிசை குறையும். 40 மி.மீ. ஆரத்தில் தொடங்கி 160 மி.மீ. ஆகும்போது இழுவிசை நான்கில் ஒரு பங்காகிவிடும், வெளிச்சுற்றுகள் தளரும். ரோல் பருக்கும்போது திருப்புவிசையையும் ஏற்ற வேண்டும்.

5. நிலைமின்னூட்டம்: பிளாஸ்டிக் லேபிள்கள் உரியும்போது மின்னூட்டம் பெற்றுத் தூசியை இழுக்கும், தொழிலாளிக்கு 'ஷாக்' அடிக்கும். பிளாஸ்டிக் மின்கடத்தாப் பொருள் என்பதால் இயந்திரத்தை 'எர்த்' செய்வது மட்டும் போதாது. அருகிலுள்ள காற்றை அயனியாக்கும் சாதனமும் தேவை.

கோளாறைத் தேடும் வழி

கோளாறு எந்த உருளையில் இருக்கிறது என்பதை ஓர் அளவுகோலே சொல்லிவிடும். டை உருளையில் 96 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பல்லுக்கு 3.175 மி.மீ. என்றால் சுற்றளவு 304.8 மி.மீ. பழுது சரியாக 304.8 மி.மீ.க்கு ஒருமுறை வந்தால் குற்றவாளி டை உருளையே. 251 மி.மீ.க்கு ஒருமுறை வந்தால், அதை 3.14 ஆல் வகுக்க 80 வரும், 80 மி.மீ. விட்டமுள்ள உருளையைத் தேட வேண்டும். ஒரே பக்கத்தில் மட்டும் தொடர்ந்து பழுது வந்தால், அந்தப் பக்கத்து அழுத்தத்தையோ பேரிங்கையோ சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. எதைத் தொடுவதானாலும் இயந்திரத்தை நிறுத்திய பிறகே தொட வேண்டும். காகிதத்தை வெட்டும் விளிம்புக்கு விரலும் காகிதமும் ஒன்றுதான்.

விடுமுறையில் நான் வேலை பார்த்த ஓர் அச்சகத்தில், சரக்கு பழுதானால் முதலில் எழும் கேள்வி "யார் ஓட்டியது?" என்பதே. இயந்திரத்தை ஓட்டியவர் தலைகுனிந்து நிற்பார். பேரிங் தேய்ந்ததற்கும் அவர்தான் பொறுப்பு. டை மழுங்கியதற்கும் அவர்தான் பொறுப்பு. "எத்தனை மில்லிமீட்டருக்கு ஒருமுறை?" என்று கேட்டிருந்தால் பழுதும் தீர்ந்திருக்கும், ஒரு தொழிலாளியின் மானமும் காக்கப்பட்டிருக்கும்.

வட்டத்தின் சுற்றளவு, திருப்புவிசை, நிலைமின்னியல் ஆகியவற்றை நாம் தேர்வுக்காகப் படிக்கிறோம். நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நம் பெற்றோரும் உடன்பிறந்தோரும் இயந்திரங்களின் அருகே நிற்பவர்கள். வகுப்பறையில் கற்ற சூத்திரத்தை அவர்களுக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்வது நம் கடமையல்லவா? கற்ற கல்வி உழைப்பவருக்குத் துணையாகும்போதே பட்டத்திற்கும் பெருமை.