கடையை மூடாமல் கணக்கை மாற்றுவது எப்படி?

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்கு அருகே உள்ள பெரணமல்லூர், பட்டு நெசவு நடைபெறும் ஊர்களுள் ஒன்று. தறியில் ஒரு பாவு தீரும் தறுவாயில் நெசவாளர் என்ன செய்கிறார்? பழைய இழைகளை உருவி எறிந்துவிட்டு, விழுதிலும் அச்சிலும் ஆயிரக்கணக்கான இழைகளைப் புதிதாகக் கோக்கத் தொடங்குவதில்லை. பழைய பாவு நெய்யப்படும்போதே அடுத்த பாவு தயாராகிவிடுகிறது. பிறகு பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனி ஒவ்வொன்றாகப் பிணைக்கப்படுகிறது. தறி நிற்பது இந்தப் பிணைப்பு வேலைக்கு மட்டுமே.

கணிப்பொறிக் கணக்குகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவோரும் இதே முறையைத்தான் கையாளுகின்றனர். அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

வாடகை வீட்டில் பேரேடு

வங்கிக் கணக்குகள், ரயில் முன்பதிவுகள், கல்லூரி விண்ணப்பங்கள் ஆகியவை இன்று தரவுத்தளம் எனப்படும் கணிப்பொறிப் பேரேடுகளில் உள்ளன. பல நிறுவனங்கள் இதற்கெனச் சொந்தக் கணிப்பொறிகள் வைத்துக்கொள்வதில்லை. அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் போன்றவை பெரும் கூடங்களில் நிறுவியுள்ள கணிப்பொறிகளை வாடகைக்கு எடுக்கின்றன. இந்த ஏற்பாட்டையே ‘மேகம்’ என்கிறோம். பெயர்தான் மேகம், கணிப்பொறிகள் இருப்பது தரையில்தான்.

வாடகை வீடு என்றால் ஒரு நாள் மாறவும் நேரிடும். கட்டணம், சட்டம், வசதி எனக் காரணங்கள் பல. 2024 மே மாதத்தில் ஓலா நிறுவனம் மைக்ரோசாப்டின் மேகத்தை விட்டு, க்ருத்ரிம் என்னும் இந்திய மேகத்துக்கு மாறப் போவதாக அறிவித்தது நினைவிருக்கலாம்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு அஞ்சல் துறை. 2025இல் நம் நாட்டு அஞ்சலகங்கள் அரசின் மேக்ராஜ் 2.0 என்னும் மேகத்தில் இயங்கும் புதிய முறைக்கு மாறின. கர்நாடகத்தில் முதலில் சோதித்துப் பார்த்து, பின்பு வட்டம் வட்டமாக மாற்றி, ஆகஸ்டு 4ஆம் தேதி வாக்கில் பணியை முடித்தனர். அந்தந்தப் பகுதியில் மாற்றத்தை ஒட்டி ஒரு நாள் பரிவர்த்தனைகள் நிறுத்தப்பட்டன. மென்பொருளே மாறும்போது இத்தகைய நிறுத்தம் பொருத்தமானதே. ஆனால் இரவும் பகலும் இயங்கும் மருத்துவமனையோ, ரயில் முன்பதிவோ ஒரு நாள் முழுவதும் கதவை அடைக்க முடியுமா?

ஒரு சிறு கணக்கு

2 டெராபைட் அளவுள்ள ஒரு தரவுத்தளத்தை வினாடிக்கு 100 மெகாபிட் செல்லும் இணைப்பில் அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு பைட்டில் 8 பிட்டுகள். ஆகவே 1,60,000 வினாடிகள், அதாவது ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். கடையை மூடிவிட்டு அனுப்பினால் இரண்டு நாள் தொழில் போயிற்று. மூடாமல் அனுப்பினால், நகல் போய்ச் சேரும்போது அது பழைய கணக்காகிவிடும். வினாடிக்கு 20 மாற்றங்கள் நிகழும் அலுவலகமானால், இதற்குள் 32 லட்சம் மாற்றங்கள் நடந்திருக்கும்.

நாள்வழி தரும் விடை

பழைய கடைகளில் இரண்டு ஏடுகள் இருக்கும். நடந்த வரவு செலவு ஒவ்வொன்றும் நேர வரிசைப்படி நாள்வழியில் எழுதப்படும். பிறகு அவரவர் பெயரில் பேரேட்டில் ஏற்றப்படும். தரவுத்தளமும் இவ்வாறே இயங்குகிறது. எந்த மாற்றமானாலும் அது முதலில் வரிசை எண்ணுடன் ஒரு மாற்றப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. இடையில் மின்சாரம் நின்றாலும் கணக்கு கெடாமல் காப்பதற்காக ஏற்பட்ட முறை இது.

இதிலிருந்து ஓர் அரிய உண்மை கிடைக்கிறது. பேரேட்டின் பழைய நகல் ஒன்றும், நகல் எடுத்த கணம் முதலான நாள்வழியும் கையிலிருந்தால், இன்றைய பேரேட்டை வேறு எந்த ஊரிலும் அப்படியே உருவாக்கிவிடலாம்! நாள்வழியை இடைவிடாமல் அனுப்பிப் புதிய இடத்தில் நகலை வளர்க்கும் இந்த முறைக்கு ‘ரெப்ளிகேஷன்’ என்று பெயர். தமிழில் தொடர்நகலாக்கம் எனலாம்.

நம் கணக்கைத் தொடர்வோம். புதிய கணிப்பொறி வினாடிக்கு 100 மாற்றங்களை ஏற்றக்கூடியது என்று கொள்வோம். அந்த வினாடியில் புதிதாக 20 வந்து சேர்வதால், நிலுவை 80 வீதம் குறையும். 32 லட்சம் நிலுவை 40,000 வினாடிகளில், அதாவது சுமார் 11 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு நகல், மூலத்துக்கு ஓரிரு வினாடியே பின்தங்கி, நிழல்போலத் தொடரும். இவ்வளவு நேரமும் பழைய கடை திறந்தே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கைமாறும் கணம்

இனி உள்ளது பிணைப்பு வேலை. பழைய இடத்தில் எழுதுவதை நிறுத்த வேண்டும். அதன் கடைசி வரிசை எண் புதிய இடத்தில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். எண்கள் ஒத்தால் புதிய இடத்தைத் திறந்து, எல்லாரையும் அந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும். நன்கு திட்டமிட்டால் இதற்குச் சில நிமிடங்களே போதும்.

அந்தச் சில நிமிடங்கள்கூட எதற்கு, இரண்டு இடத்திலும் எழுத விட்டால் என்ன என்று கேட்கலாம். ஒருவர் கணக்கில் 5,000 ரூபாய் இருக்கிறது. பழைய இடத்தில் ஒருமுறையும், புதிய இடத்தில் ஒருமுறையும் 4,000 ரூபாய் எடுக்கப்படுகிறது. இரண்டு பேரேடுகளும் போதிய பணம் இருப்பதாகவே காட்டும். முடிவில் எது உண்மைக் கணக்கு? ஆகவே எந்தக் கணத்திலும் எழுதும் கை ஒன்றே இருக்க வேண்டும்.

வேறு கண்ணிகளும் உண்டு. சில முறைகளில், அடுத்த ரசீது எண் எது என்று நினைவில் வைக்கும் எண்ணி தானாக வந்து சேர்வதில்லை. அதைச் சரிசெய்யாவிட்டால், புதிய இடம் பழைய எண்ணையே மீண்டும் கொடுக்க முற்படும். எனவே திறப்பதற்கு முன் இரு பக்கத்துப் பதிவுகளையும் எண்ணி, கூட்டுத்தொகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். திறந்த பின்பும், புதிய இடத்து நாள்வழியைச் சில நாட்கள் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பி வருவது நல்லது. கோளாறு நேர்ந்தால் கணக்கை இழக்காமல் திரும்பிவர அது வழியாகும்.

நகல் காப்பாகுமா?

மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்னும் இணையச் சேவையின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. 2017 ஜனவரி 31 அன்று அங்கே நகல் மூலத்தை விட்டு வெகுவாகப் பின்தங்கியது. அதைச் சீராக்க முயன்ற பொறியாளர், நகலில் அழிக்க வேண்டியதை மூலத்திலேயே அழித்துவிட்டார். காப்புப் பிரதிகளை நாடியபோது அவற்றுள் பல உரியபடி உருவாகியிருக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த, 6 மணி நேரத்துக்கு முந்திய பிரதி ஒன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட பதிவுகள் மீளவில்லை.

இதிலிருந்து அறிவது யாது? தொடர்நகல் வேறு, காப்புப் பிரதி வேறு. நகல் மூலத்தை உண்மையாகப் பின்பற்றுகிறது. மூலத்தில் ஒரு வரியைத் தவறாக நீக்கினால், அடுத்த வினாடி நகலும் அதே வரியை நீக்கிவிடும்!

அதே கிட்லேப் 2018 ஆகஸ்டு 11, சனிக்கிழமையன்று மைக்ரோசாப்டின் மேகத்திலிருந்து கூகுளின் மேகத்துக்குத் தொடர்நகலாக்க முறையிலேயே குடிபெயர்ந்தது. முன்னதாகப் பலமுறை ஒத்திகை பார்த்து, ஒவ்வொரு படியையும் பட்டியலிட்டு வைத்திருந்தனர். ஜூலை இறுதியில் நடக்கவிருந்ததை இரண்டு வாரம் தள்ளியும் வைத்தனர். தயார் என்று உறுதிப்படாதபோது நாளைத் தள்ளிவைப்பதும் இவ்வேலையில் ஒரு திறமையே.

நகலெடுப்பதைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும். எழுதும் கை ஒன்றா, எண்கள் ஒத்தனவா, திரும்பிவர வழி உண்டா என்னும் மூன்று கேள்விகளை மனிதர்தாம் கேட்க வேண்டும். அவற்றுக்கு விடை தெரிந்த பின்னரே பழைய கடையின் சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம்.