கைப்பிடியில் பூக்கும் வெள்ளை

பல வருடமாகத் திறக்காத டூல் பாக்ஸைத் திறந்தால் துரு வாடையையும் கிரீஸ் வாடையையும் முந்திக்கொண்டு இன்னொரு நாற்றம் மூக்கில் ஏறுவதுண்டு. காறிப்போன வெண்ணெய் என்பார் ஒருவர். வாந்தி என்பார் இன்னொருவர். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எலி இருக்காது. நாற்றம் வருவது ஸ்க்ரூ டிரைவர்களின் கைப்பிடியிலிருந்து.

வாங்கிய புதிதில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக, உள்ளே செருகிய இரும்புத் தண்டின் முனை வரை தெளிவாகத் தெரிந்த கைப்பிடி இப்போது மங்கியிருக்கும். மேலே ஒரு வெள்ளைப் படலம். பிடிமானத்துக்காக வெட்டிய நீளப் பள்ளங்களில் அது இன்னும் தடித்துப் படிந்திருக்கும். விரலால் வழித்தால் சில கைப்பிடிகளில் பொடியாக உதிரும், சிலவற்றில் பிசுபிசுக்கும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று சோப்புப் போட்டுக் கழுவி வைப்போம். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் வெள்ளை மறுபடி வந்து நிற்கும். வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்காக இருந்தால் கழுவியதோடு போயிருக்க வேண்டும். இது கைப்பிடியின் உள்ளிருந்து வருகிறது.

இந்தக் கைப்பிடிகளில் பெரும்பாலானவை பெட்ரோலியத்திலிருந்து பிறந்த பிளாஸ்டிக் அல்ல. இவற்றின் மூலப்பொருள் பஞ்சும் மரக்கூழும். செடி கொடிகளின் உடலைத் தாங்கி நிற்கும் செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வொரு அலகிலும் வேறொன்றைப் பிணைத்துக்கொள்ளத் தோதாக மூன்று இடங்கள் உண்டு. அங்கே அசிட்டிக் அமிலத்தின் கூறுகளைப் பிணைத்தால் கிடைப்பது செல்லுலோஸ் அசிட்டேட். அவற்றில் ஒரு பங்குக்குப் பதிலாக பியூட்டிரிக் அமிலத்தின் கூறுகளைச் சேர்த்தால் செல்லுலோஸ் அசிட்டேட் பியூட்டிரேட். பின்னது ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும், அடி தாங்கும். சுத்தியலால் தட்டினாலும் தெறிக்காது. எண்ணெயும் கிரீஸும் பட்டால் ஊறிப்போகாது. தொட்டால் இரும்பைப்போல் சில்லிடாது. பட்டறைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிங்ஸ்போர்ட் நகரில் இருந்த ஈஸ்ட்மன் ஆலை 1929-இல் ‘டெனைட்’ என்ற பெயரில் செல்லுலோஸ் பிளாஸ்டிக்கை விற்கத் தொடங்கியது. மரக் கைப்பிடிகள் மெல்ல ஒதுங்கின.

செல்லுலோஸ் அசிட்டேட்டை அப்படியே வார்த்தால் விறைப்பாக, நொறுங்குவதாக இருக்கும். அதனால் நெகிழ்வூட்டி எனப்படும் வேறொரு வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். அது சங்கிலிகளின் இடையில் புகுந்து அவற்றை நெகிழ்வாக வைத்திருக்கும், ஆனால் எதனோடும் வேதிப்பிணைப்பில் கட்டுண்டிருக்காது. வெறுமனே உள்ளே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விவரத்தில் கைப்பிடியின் பிற்காலம் முழுக்க அடங்கிவிட்டது.

காற்றிலுள்ள ஈரம் மெல்ல உள்ளே ஊறுகிறது. நீர் மூலக்கூறுகள் செல்லுலோஸோடு அமிலக் கூறுகளை இணைத்த பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கின்றன. பள்ளிப் பாடத்தில் நீராற்பகுத்தல் என்று படித்தோமே, அதுதான். அறுந்த இடத்திலிருந்து அசிட்டிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும் விடுபடுகின்றன. முதலாவது வினிகரின் புளிப்பு வாடை. இரண்டாவது காறிய வெண்ணெயின் வாடை. வெண்ணெயின் கொழுப்பிலும் பியூட்டிரிக் அமிலம் கட்டுண்டுதான் கிடக்கிறது. அந்தக் கட்டு அவிழும்போதுதான் வெண்ணெய் காறுகிறது. அடுக்களையில் சில வாரங்களில் நடப்பது டூல் பாக்ஸில் இருபது, முப்பது வருடம் எடுத்துக்கொண்டு நடக்கிறது. வாந்தியின் நாற்றத்திலும் இதே அமிலத்துக்குப் பங்குண்டு. மிக மிகச் சிறிய அளவில் காற்றில் கலந்தாலும் மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே நாற்றத்தின் கடுமையை வைத்து கைப்பிடி முழுதும் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

வெள்ளைப் படலத்துக்கும் இங்கிருந்தே விளக்கம் கிடைக்கிறது. அமிலக் கூறுகளை இழக்க இழக்க, செல்லுலோஸால் நெகிழ்வூட்டியைத் தன்னுள் வைத்துக்கொள்ள முடிவதில்லை. அது மேற்பரப்புக்குக் கசிகிறது. டிரைஃபீனைல் பாஸ்பேட் போன்ற நெகிழ்வூட்டிகள் சாதாரண வெப்பநிலையில் திடப்பொருள்கள் என்பதால் வெள்ளைப் படிகங்களாகப் பூக்கின்றன. திரவ நிலையில் இருப்பவை பிசுபிசுப்பாக வழிகின்றன. நெகிழ்வூட்டி போகப் போகக் கைப்பிடி சுருங்கும், மயிரிழை விரிசல்கள் விடும், கடைசியில் நொறுங்கும். அசிட்டேட் ஃபிரேம் போட்ட பழைய மூக்குக்கண்ணாடி காதோரத்தில் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பெரும்பாலும் இந்தக் கசிவுதான், வியர்வை அதை விரைவுபடுத்துகிறது. லெகோ விளையாட்டுக் கட்டைகளைக்கூட முதலில் செல்லுலோஸ் அசிட்டேட்டில்தான் செய்தார்கள். கட்டைகள் கோணியதால் 1963-இல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள்.

இந்தச் சிதைவில் கவனிக்க வேண்டிய முக்கியமான சங்கதி, விடுபட்ட அமிலம் சும்மா இருப்பதில்லை என்பது. அதுவே அடுத்த பிணைப்பு அறுவதைத் துரிதப்படுத்துகிறது. அமிலம் கூடக் கூட வேகம் கூடும். வேகம் கூடக் கூட அமிலம் கூடும். மூடிய பெட்டிக்குள் ஆவி வெளியேற வழியில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். பக்கத்தில் நன்றாக இருக்கும் கைப்பிடிகளையும் அது தாக்குகிறது, இரும்புத் தண்டுகளிலும் ரம்பங்களிலும் துருவேற்றுகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று இறுக மூடி வைத்த பெட்டியில் கருவிகள் கெடுவதும், சுவரில் ஆணியடித்து மாட்டிய கருவிகள் தெளிவாக இருப்பதும் இதனால்தான்.

இதே சிதைவு கைப்பிடியைவிட விலைமதிக்க முடியாத ஒன்றையும் தின்றுகொண்டிருக்கிறது. அதுதான் திரைப்படச் சுருள். எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் சுருளுக்கு மாற்றாக 1948-இல் கோடாக் நிறுவனம் செல்லுலோஸ் டிரைஅசிட்டேட் சுருளைக் கொண்டுவந்தது. ‘பாதுகாப்புச் சுருள்’ என்றே அதை அழைத்தார்கள். தீயைப் பொறுத்தவரை அது பாதுகாப்பானதுதான். ஆனால் பத்து வருடம் முடிவதற்குள் சுருள் கெடுகிறது என்ற முதல் தகவல் கோடாக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அது போனது இந்திய அரசிடமிருந்து. வெக்கையும் ஈரமும் நிறைந்த இடத்தில் வைத்திருந்த சுருள்கள் அவை. வினிகர் வாடை அடிப்பதால் ‘வினிகர் நோய்’ என்று இதற்குப் பெயர் நிலைத்தது. 1950-களிலிருந்து வந்த தமிழ்ப் படங்களின் மூல நெகட்டிவ்கள் இந்த அசிட்டேட் வகையில்தான் பதிவாகின. அவற்றில் பல சென்னையின் கடலோர ஈரத்தில், குளிர்சாதனம் இல்லாத அறைகளில், மூடிய தகர டப்பாக்களில் கிடந்தன. நம் படங்களில் பல இன்று நல்ல பிரதியாகக் கிடைக்காததற்கு அக்கறையின்மையோடு இந்த வேதியியலும் ஒரு காரணம். ஆவணக் காப்பகங்களில் சுருள் டப்பாவுக்குள் நீல நிறச் சோதனைத் தாள் ஒன்றைப் போட்டு வைப்பார்கள். அமிலம் கூடக் கூட அது பச்சையாகி, பிறகு மஞ்சளாகும். மஞ்சளைக் கண்டால் உடனே பிரதி எடுத்தாக வேண்டும். கெட்ட சுருளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வைத்தியம் கிடையாது. குளிரிலும் வறண்ட காற்றிலும் வைத்தால் சிதைவு மெதுவாகும், அவ்வளவுதான்.

கைப்பிடிக்கும் அதே கணக்குதான். நின்றுபோகச் செய்ய முடியாது, தாமதப்படுத்தலாம். வெதுவெதுப்பான சோப்பு நீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும், பள்ளங்களில் இருக்கும் வெள்ளை போய்விடும். நாற்றம் மிஞ்சினால் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்துக் கழுவலாம். அது அமிலத்தை வாடை குறைந்த உப்பாக மாற்றிவிடும். ஆனால் இரவெல்லாம் ஊறப்போடாதீர்கள், ஏனென்றால் சிதைவைத் தொடங்கி வைப்பதே நீர்தான். கழுவிய கையோடு துடைத்து நிழலில் உலர்த்துங்கள். தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எதுவும் வேண்டாம். அவை இந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பளபளப்புக்காக வார்னிஷ் அடிப்பதும் தப்பு, அமிலத்தை உள்ளேயே அடைத்து வைப்பதாகும். நாற்றம் தொடங்கிய கருவியை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். பெட்டியில்தான் வைத்தாக வேண்டும் என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலமும் கரித்துண்டுகள் கட்டிய துணியும் கொஞ்சம் உதவும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் மட்டும் விட்டு வைக்காதீர்கள்.

வெள்ளை பூத்த கைப்பிடியை அந்த ஒரு காரணத்துக்காகத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கழுவி, உலர்த்தி, இன்னும் பல வருடம் மர வேலைக்கும் சைக்கிள் வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். மின்சார வேலை அப்படியல்ல. விரிசல் விட்ட, சுருங்கித் தண்டு ஆடுகிற கைப்பிடியின் மின்காப்பை நம்ப முடியாது. டெஸ்டருக்கும் இது பொருந்தும். வீட்டில் இருப்பவற்றை இன்றே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் அதை ஸ்விட்ச் போர்டு பக்கம் கொண்டுபோக வேண்டாம். அந்த வேலைக்கு 1000 வோல்ட் முத்திரை பதித்த, மின்காப்புள்ள கருவி ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.